ஆயிரம் படி இறங்குமுன் ஒரு நிமிடம்!

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஆடி மாதத்தில் விழாவும் நடக்கிறது.

மலையின் உயரம் சுமார் 3,300 அடி முதல் 4,300 அடி வரை. மேலே போனால் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். காப்பித் தோட்டம் இருக்கும். பலாவும் அன்னாசியும் வாழையும் குலுங்கும். மலைவாழ் மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிடுகிறார்கள்.

இந்த மலையைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கொல்லிப்பாவை என்று ஒரு பெண் தெய்வம். பார்ப்பவர் சொக்கிப் போகும் அழகு. அவள் சிரிப்பாள். சிரிப்பில் மயங்கியவன் உயிரோடு திரும்ப மாட்டான்!

கதை இருக்கட்டும். அதற்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. மலையின் அழகு மனிதனை மயக்குகிறது. மயங்கியவன் நேரத்தை மறக்கிறான். தன் உடம்பின் பலத்தை மறக்கிறான். திரும்பி வரவேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தலைகீழ் மலை!

பெரும்பாலான மலைகளில் முதலில் ஏற வேண்டும். பிறகு இறங்க வேண்டும். பழனிக்குப் போகிறவருக்கு இது தெரியும். பாதி வழியில் மூச்சு வாங்கினால், "போதும்" என்று திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கம்தான்.

கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவி அப்படி அல்ல. அது தலைகீழ்!

அறப்பளீசுவரர் கோவில் வரை வண்டி போகும். கோவிலுக்குப் பக்கத்திலிருந்து படிகள் பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அடியில் அருவி. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. சாரல் முகத்தில் அடிக்கும். சத்தம் காதைத் துளைக்கும். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

ஆனால் இங்கே முதலில் இறக்கம். ஏற்றம் கடைசியில் வருகிறது. உடம்பு களைத்த பிறகு வருகிறது. ஈரத் துணியோடு, பசித்த வயிற்றோடு, தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது.

இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை. இதயத்துக்கு வேலை குறைவு. அதனால், "இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் தொடைத் தசைகள் ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடித்து நிறுத்துகின்றன. மோட்டார் வண்டிக்கு பிரேக் எப்படியோ, அப்படி. அருவியை அடைந்ததும் முழங்கால் வெடவெடவென்று நடுங்குவது அதனால்தான். அந்த நடுங்கும் கால்களோடுதான் மேலே ஏற வேண்டும். அப்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் முழு வேலை.

எவ்வளவு உயரம்? ஒரு படி அரை அடி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் படிக்கு 500 அடி. சென்னை அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அப்படிப்பட்ட கட்டடங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு உயரம் படிக்கட்டில் ஏற வேண்டும்!

கணக்குப் போட்டுக் கிளம்ப வேண்டும்

மலையில் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. உயரத்தையும் நேரமாக மாற்றிப் பார்க்க வேண்டும். 1892-ம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார், நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி. மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம். 2,000 அடி ஏறுவதற்கு இன்னொரு மணி நேரம். இதுதான் அவருடைய கணக்கு.

ஆனால் அது கட்டுமஸ்தான மலையேறிகளுக்கு. பாட்டியும் பேரனும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு அது ஒத்துவராது. குடும்பங்களுக்கு எளிய கணக்கு இது: இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ, ஏறுவதற்கு அதைப்போல இரண்டு பங்கு ஒதுக்க வேண்டும்.

ஒரு குடும்பம் இறங்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். குளிக்க ஒரு மணி. ஏற ஒன்றரை மணி. எதிர்பாராத தாமதத்துக்கு அரை மணி. மொத்தம் 3 மணி 45 நிமிடம்.

பள்ளத்தாக்கில் இருட்டு சீக்கிரம் வரும். ஊரில் வெயில் அடிக்கும்போதே அங்கே மலையின் நிழல் விழுந்துவிடும். ஆகவே மாலை 5 மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும். அப்படியானால், முதல் படியில் கால் வைக்கும் நேரம் பகல் 1.15-க்குப் பிந்தக் கூடாது. காலையிலேயே இறங்கிவிட்டால் இன்னும் நல்லது.

அருவிக்குள் அனுமதிக்க வனத்துறை வைத்திருக்கும் நேரத்தை நுழைவிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கொஞ்சம் விடுங்கள்" என்று காவலரிடம் கெஞ்சுகிறவர்கள் உண்டு. அவர் மறுப்பது கோபத்தால் அல்ல. இருட்டில் ஒருவர் விழுந்தால், இறங்கித் தூக்கி வர வேண்டியவரும் அவரைப் போன்ற ஊழியர்தான்!

பனிமலையில் என்ன செய்கிறார்கள்?

இப்படி நேரம் குறித்துக்கொண்டு போவது பனிமலை நாடுகளில் பழைய பழக்கம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. அங்கே காலில் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவார்கள். பலர் மேலே போகக் கயிற்றுக் காரில் ஏறுவார்கள். சிலர் அதில் ஏறாமல், சொந்தக் காலால் மலை ஏறுகிறார்கள்.

வழுக்கும் பலகையோடு எப்படி ஏற முடியும்? பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். அதில் குட்டை மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். பூனையின் முதுகைத் தடவிப் பார்த்தால் இது புரியும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் தடுக்கும். அப்படித்தான் இந்தப் பட்டையும். முன்னால் வழுக்கும், பின்னால் சறுக்க விடாது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி வருவார்கள்.

அவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. இன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். மூடிய பாதையில் போகக் கூடாது. ஏன்? இரவில் பனியைச் சமன் செய்யும் பெரிய இயந்திரங்கள் ஓடும். சரிவில் அவற்றை இரும்புக் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். இருட்டில் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் போய் மாட்டியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கட்டுப்பாடு, தனியாகப் போகக் கூடாது. பனிச்சரிவில் ஒருவர் புதைந்துவிட்டால், முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஊரிலிருந்து ஆள் வர அவ்வளவு நேரம் போதாது. கூட வந்தவர்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் மண்வெட்டியும், நீண்ட குச்சியும், புதைந்த ஆளைக் கண்டுபிடிக்கும் சிறு ரேடியோக் கருவியும் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்கு நடக்கிறது. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் இறந்தார்.

கொல்லிமலையில் பனிச்சரிவு இல்லை. ஆனால் மூடிய பாதை உண்டு. "குளிக்கத் தடை" என்ற பலகை உண்டு. தனியாகப் போவதில் உள்ள ஆபத்தும் உண்டு. பனிமலைக்காரர்களின் பழக்கம் இங்கேயும் உயிர் காக்கும்.

மேலே மழை, கீழே வெள்ளம்

அருவியில் குளிக்கிறவர் தலைக்கு மேலே வானத்தைப் பார்க்கிறார். வெயில் அடிக்கிறது. "மழை இல்லையே" என்று நினைக்கிறார். ஆனால் அருவிக்குத் தண்ணீர் தலைக்கு மேலிருந்து வருவதில்லை. பல மைல் தூரத்தில் உள்ள காட்டிலிருந்து வருகிறது. அங்கே மழை கொட்டினால், இங்கே சற்று நேரத்தில் வெள்ளம்!

2024 மே 17-ந்தேதி பழைய குற்றால அருவியில் இப்படித்தான் நடந்தது. திடீரென்று வெள்ளம் சீறி வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

வெள்ளம் வருமுன் அருவியே சில அடையாளம் காட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். சத்தம் மாறும். இதில் ஒன்று தெரிந்தாலும் துண்டைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். துணி போனால் வேறு துணி வாங்கலாம்.

பாசி படிந்த பாறையில் நின்று படம் எடுப்பதும் ஆபத்து. கால் வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது.

குரங்கணி தந்த பாடம்

தண்ணீர் ஒரு பக்கம். நெருப்பு மறுபக்கம்.

2018 மார்ச் 11-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் வந்த மலையேற்றக்காரர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். கோடையில் காய்ந்த புல். வீசும் காற்று. ஓடுவதற்கு வழி தெரியாத சரிவு. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இளம் பெண்களும் வாலிபர்களும் அதில் இருந்தார்கள். தமிழ்நாடே கண்ணீர் விட்டது.

அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிகளோடு அழைத்துப் போகும் திட்டத்தை வனத்துறை தொடங்கியது. மலையடிவாரத்து இளைஞர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள்.

கொல்லிமலைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் பாதை இருக்கிறது. வாலிபர்களுக்கு அதைப் பார்த்தால் ஆசை வரும். வனத்துறையின் அனுமதி இல்லாமல், வழி தெரிந்தவர் இல்லாமல் அதில் கால் வைக்கக் கூடாது. கோடையில் காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. ஒரு பீடித் துண்டு போதும், ஒரு மலையைக் கொளுத்த!

தீ எந்தப் பக்கம் ஓடும் தெரியுமா? சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சூடு மேலே எழும்பி, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். ஆகவே தீக்கு மேலே உள்ள புல் சரிவில் நிற்பது பெரிய ஆபத்து. புல்லும் புதரும் இல்லாத பாறைவெளி, ஓடை, அகலமான சாலை ஆகியவையே புகலிடம்.

எழுபது வளைவுகள்

அருவிக்குப் போவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மலைப்பாதை ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70!

மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர், பழகிய ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது நல்லது. அல்லது பஸ்சில் போகலாம்.

சொந்த வண்டியில் போகிறவர் அடிவாரத்திலேயே பிரேக்கையும் டயரையும் பார்த்துவிட வேண்டும். வளைவுக்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும். குறுகலான இடத்தில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சாலை விதியே அப்படித்தான்.

இறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டி விடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பு! அது உயிரோடு விளையாட்டு. சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டும் நம்பி அழுத்திக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எத்தனை வளைவு பாக்கி இருந்தாலும் அப்போது வண்டி நிற்காது.

குழந்தைகளுக்கு வாந்தி வருவது சகஜம். கிளம்புமுன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. செல்போனைப் பார்த்துக்கொண்டு வரக் கூடாது. தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் தலைசுற்றல் குறையும்.

யார் இறங்கக் கூடாது?

கோவை மாவட்டத்து வெள்ளியங்கிரி மலையில் 2024-ம் ஆண்டு பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் இறந்தார்கள். இதய நோயும் மூச்சு நோயும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது.

ஆகாய கங்கைக்கும் அதே எச்சரிக்கைதான். இதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இறங்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இறங்கினால் மாத்திரையும் சிற்றுண்டியும் கையில் இருக்க வேண்டும்.

"நீங்கள் போய் வாருங்கள், நான் கோவிலில் இருக்கிறேன்" என்று தாத்தா சொன்னால், அவரைக் கேலி செய்து இழுத்துப் போகக் கூடாது. அவர் மேலே இருப்பதால் பெரிய நன்மை ஒன்று உண்டு. அதுதான் அடுத்த விஷயம்.

மேலே ஒருவர் இருக்கட்டும்

பள்ளத்தாக்கின் அடியில் செல்போன் பேசும் என்று நம்ப முடியாது. அங்கே ஒருவருக்குக் கால் முறிந்தால் மேலே எப்படித் தெரியும்?

ஆகவே இறங்கும் குடும்பம் மேலே உள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தாத்தாவாக இருக்கலாம். வண்டி ஓட்டுநராக இருக்கலாம். தங்கும் விடுதிக்காரராக இருக்கலாம். "நாங்கள் ஆறு பேர். மூன்று மணிக்குக் கீழிருந்து கிளம்புவோம். ஐந்து மணிக்கு வராவிட்டால் வனத்துறையிடம் சொல்லுங்கள்." இந்த நாலு வார்த்தை போதும். எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது.

கீழே போன பிறகு "மூன்று மணி" என்பது மூன்று மணியாகவே இருக்க வேண்டும். "இன்னும் ஒரு முழுக்கு" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். நேரத்தை முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் சச்சரவு இருக்காது. படியில் ஏறும்போது மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும். அவர் வேகமே எல்லோருடைய வேகம். ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

பையில் அதிகம் வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கொஞ்சம் கடலை மிட்டாய். டார்ச் விளக்கு. மாற்றுத் துணி. காலில் வழுக்காத செருப்பு அல்லது பூட்சு. கம்பளிச் சட்டையும் வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். நனைந்த உடம்புக்கு அது நடுக்கத்தைக் கொடுக்கும்.

தப்பித் தவறி ஏதாவது நேர்ந்தால்?

கால் பிசகினால் நடக்க வைக்கக் கூடாது. அசையாமல் கட்டிவிட்டு உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஒருவர் அடிபட்டவரோடு இருக்க வேண்டும்.

பாம்பு கடித்தால் கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தேன்கூட்டின் பக்கம் கல் எறியக் கூடாது. புகை போடக் கூடாது. மலைத்தேனீ கலைந்தால் நின்று விரட்ட முடியாது. முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும்.

மார்பு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் உட்கார வைத்து, உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 112.

திரும்புவது தோல்வி அல்ல

நாமக்கல்லிலிருந்து கிளம்பி, 70 வளைவும் ஏறி, அருவிக்கரை வரை வந்தாகிவிட்டது. "வெள்ளம், இன்று இறங்கக் கூடாது" என்கிறார் காவலர். மனம் கேட்காது. செலவழித்த பணம் நினைவுக்கு வரும். குழந்தைகளின் முகம் வாடும்.

அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். மலையில் பெரிய விபத்துகள் பல, "திரும்பலாமா?" என்று தோன்றியும் திரும்பாததால் நடந்தவை. கொல்லிமலையில் பார்க்க வேறு இடம் இல்லையா என்ன? அறப்பளீசுவரர் கோவில் இருக்கிறது. எட்டுக்கை அம்மன் கோவில் இருக்கிறது. சீக்குப்பாறையில் நின்றால் ஊர்களெல்லாம் பொம்மை வீடுகளாகத் தெரியும். வாசலூர்ப்பட்டியில் படகு விடுகிறார்கள். சந்தையில் மிளகும் வாழைப்பழமும் வாங்கலாம்.

ஓரி காலத்திலிருந்து அந்த மலை அங்கேயே நிற்கிறது. அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே நிற்கும். இன்று பத்திரமாகத் திரும்பிய குடும்பம், இன்னொரு நாள் சிரித்துக்கொண்டே அந்தப் படிகளில் இறங்கலாம். சிரித்துக்கொண்டே ஏறியும் வரலாம்!